883 தளங்கள், 23 நிமிடங்கள்: சரியான நிரலுக்குத் தவறான பட்டியல் கிடைத்தபோது

கிளவுட் தரவுத்தளங்களிலிருந்து பதிவுகளை நீக்கும் நிரல்களை எழுதுவதும் சரிபார்ப்பதும் என் அன்றாட வேலையின் ஒரு பகுதி. குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த வேலையைக் கற்றுத்தரும்போது, 2022 ஏப்ரலில் அட்லாசியன் நிறுவனத்தில் ஒரு நீக்க நிரல் வாடிக்கையாளர்களின் 883 தளங்களைத் தவறுதலாக அழித்ததைத்தான் முதலில் சொல்வேன். நடந்ததை அந்நிறுவனமே பின்னர் நேரவாரியாக வெளியிட்டது. தவறு செய்தவர் என்று யாருடைய பெயரையும் அது குறிப்பிடவில்லை. அதுவே சரியான முறை. எனவே இங்கும் நீக்கத்தைக் ‘கேட்ட குழு’, நிரலை ‘இயக்கிய குழு’ என்றே எழுதுகிறேன். நேரங்களை இந்திய நேரத்துக்கு மாற்றித் தந்திருக்கிறேன்.

பின்னணி

குழுக்களின் பணிகளைக் கண்காணிக்கும் ஜிரா, ஆவணங்களைப் பகிரும் கான்ஃபுளூயன்ஸ் போன்ற மென்பொருள்களை உருவாக்கும் ஆஸ்திரேலிய நிறுவனம் அட்லாசியன். அப்போது அதற்கு 2 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கிளவுட் சேவையை வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ‘தளம்’ ஒதுக்கப்படும். அவர் வாங்கிய மென்பொருள்கள், பயனர்கள், அனுமதிகள், கூடுதலாக நிறுவிய செயலிகள் எல்லாம் அந்தத் தளத்துக்குள் இருக்கும். தளத்துக்கு ஒரு ஐடி, அதாவது அடையாளக் குறி, உண்டு. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனி ஐடி உண்டு.

2020இல் அட்லாசியன், ‘இன்சைட்’ என்ற சொத்து மேலாண்மைச் செயலியை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. பிறகு அந்தச் செயலியின் வசதிகள் ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் மென்பொருளுக்குள்ளேயே சேர்க்கப்பட்டன. அதனால் வாடிக்கையாளர் தளங்களில் தனியாக நிறுவப்பட்டிருந்த பழைய இன்சைட் செயலிக்கு வேலையில்லாமல் போனது. அதை நீக்க வேண்டும் என்பதுதான் திட்டம். பழையதைக் கழித்துவிட்டு இடத்தைச் சுத்தம் செய்யும் சாதாரணப் பராமரிப்பு வேலை. எந்த நிறுவனத்திலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை நடப்பது.

இதற்கு ஏற்கெனவே ஒரு நீக்க நிரலும், அது அழைக்கும் ஒரு ஏபிஐயும் (ஒரு நிரல் இன்னொரு அமைப்பிடம் வேலை சொல்லும் வாயில்) இருந்தன. அந்த நிரலை இரண்டு விதமாக இயக்கலாம். ஒன்று, ‘நீக்கத்துக்குக் குறித்துவை’ என்பது: பதிவு மறையும், ஆனால் திரும்ப எடுக்கலாம். மற்றொன்று, நிரந்தர நீக்கம்: சட்டப்படி ஒரு வாடிக்கையாளரின் தரவை முழுமையாக அழித்தாக வேண்டிய சூழலுக்காக வைத்திருந்தது.

பட்டியல் மாறிய இடம்

நீக்கத்தைக் கேட்டது ஒரு குழு. நிரலை இயக்கியது இன்னொரு குழு. எந்தெந்த இன்சைட் செயலிகளை நீக்க வேண்டும் என்பதற்கான ஐடிகளைக் கேட்ட குழு தர வேண்டும். நடுவில் பேச்சு எங்கோ பிசகியது. செயலிகளின் ஐடிகளுக்குப் பதிலாக, அந்தச் செயலிகள் இருந்த தளங்களின் ஐடிகள் போய்ச் சேர்ந்தன. ஓர் அறையை மட்டும் இடிக்கச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டு, அறை எண்ணைத் தர வேண்டிய சீட்டில் வீட்டின் கதவு எண்ணை எழுதிக் கொடுத்ததுபோல.

இடிக்க வந்தவருக்கு எண்ணைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்கும். ஏபிஐக்கு வரவில்லை. அது தள ஐடியையும் ஏற்றுக்கொள்ளும், செயலி ஐடியையும் ஏற்றுக்கொள்ளும். செயலி ஐடி வந்தால் செயலியை நீக்கும். தள ஐடி வந்தால் தளத்தையே நீக்கும். கொடுத்தவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் அது எழுதப்பட்டிருந்தது. ‘நீங்கள் கேட்பது ஒரு முழுத் தளம், உறுதியா?’ என்று கேட்கும் ஒரு வரி அதில் இல்லை.

சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை

மேலோட்டமாகப் படிப்பவர்கள், இங்கே சோதனையே நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. மூன்று தடைகளைத் தாண்டித்தான் அந்த நிரல் ஓடியது.

முதலாவது, சக பொறியாளர்களின் சரிபார்ப்பு. எந்த ஏபிஐ முனை அழைக்கப்படுகிறது, எப்படி அழைக்கப்படுகிறது என்பதை அவர்கள் பார்த்தார்கள். அது சரியாகவே இருந்தது. பட்டியலில் இருந்த ஐடிகள் செயலிகளைக் குறிக்கின்றனவா, தளங்களைக் குறிக்கின்றனவா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இது எங்கள் துறையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். நிரலை வரிவரியாகப் படிப்போம். கூடவே வரும் ஐடி பட்டியலைப் பார்த்தால், எழுத்தும் எண்ணும் கலந்த, ஒன்றுபோலவே தோன்றும் நூற்றுக்கணக்கான வரிகள். கண் தானாகவே அதைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது, ஸ்டேஜிங் எனப்படும் ஒத்திகைச் சூழலில் ஓட்டிப் பார்த்தது. ஆனால் வாடிக்கையாளர்களின் உண்மையான ஐடிகள் அந்தச் சூழலில் இல்லை. அதனால் ஐடிகள் தவறானவை என்பது அங்கே வெளிப்பட வழியே இல்லை. இந்த இடத்தில், நீக்க நிரல் எழுதும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தரவுத்தளங்களில், இல்லாத ஒன்றை நீக்கச் சொன்னால் அது பிழை ஆகாது. எஸ்கியூஎல் தரவுத்தளம் ‘0 வரிசைகள் நீக்கப்பட்டன’ என்று சொல்லி அமைதியாக முடித்துக்கொள்ளும். அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தில், இல்லாத பதிவுக்கு நீக்கக் கட்டளை அனுப்பினாலும் வெற்றி என்றே பதில் வரும். மறுமுயற்சி செய்யும்போது சிக்கல் வரக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் ‘ஸ்டேஜிங்கில் பிழையின்றி ஓடியது’ என்ற சொல்லுக்கு ஒரு நீக்க நிரலைப் பொறுத்தவரை மதிப்பு மிகவும் குறைவு.

மூன்றாவது தடைதான் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது. உண்மையான சூழலில் முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடவில்லை. முதலில் 30 தளங்களில் மட்டும் ஓட்டினார்கள். அந்த ஓட்டம் பிசிறில்லாமல் முடிந்தது. 30 தளங்களிலும் இன்சைட் செயலி மட்டும் நீங்கியது. வேறு எதுவும் பாதிக்கப்படவில்லை. காரணம், அந்த 30க்கான ஐடிகள் பேச்சு பிசகுவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. அவை சரியான செயலி ஐடிகள். அடுத்த ஓட்டத்துக்கான பட்டியல் அந்தப் பிசகுக்குப் பிறகு வந்தது. சோதனையில் தேறியது நிரல்; அடுத்து ஓடப்போகும் பட்டியலை யாரும் சோதிக்கவே இல்லை. சிறு எண்ணிக்கையில் ஓட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தச் சிறு எண்ணிக்கை, ஓடப்போகும் அதே பட்டியலிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 5, பிற்பகல்

பிற்பகல் 1:08க்கு நிரல் ஓடத் தொடங்கியது. நிரந்தர நீக்க முறையில். பட்டியலில் இருந்த வரிசைப்படி ஒவ்வொரு தளமாக எடுத்து நீக்கிக்கொண்டே போனது. 1:31க்கு முடிந்தது. 23 நிமிடங்களில் 883 தளங்கள்; சராசரியாக ஒரு தளத்துக்கு ஒன்றரை விநாடி. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அவை. ஜிராவும் கான்ஃபுளூயன்ஸும் மட்டும் போகவில்லை. சில நிறுவனங்களுக்கு, தங்கள் சொந்த சர்வர் பழுதானால் எச்சரிக்கும் ஓப்ஸ்ஜீனி சேவையும் சேர்ந்தே போனது.

நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவிகள் எதுவும் மணியடிக்கவில்லை. அவற்றின் பார்வையில் அங்கே கோளாறே இல்லை. தளங்கள் நொறுங்கவில்லை, முறைப்படியான நீக்க வழியில், உரிய அனுமதியோடு, ஒழுங்காக நீக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சர்வர்கள் நலமாக இருந்தன. பிழை விகிதம் உயரவில்லை.

முதலில் சொன்னவர் வாடிக்கையாளர். 1:16க்கு உதவி மையத்துக்கு ஒரு டிக்கெட் (புகார்ப் பதிவு) வந்தது: எங்கள் தளத்தைக் காணவில்லை. அப்போது நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முடிய 15 நிமிடங்கள் இருந்தன. அந்த டிக்கெட்டுக்கும் பின்னணியில் ஓடும் பராமரிப்பு நிரலுக்கும் தொடர்பு இருக்கும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரிய வழியில்லை. 1:47க்குப் பெரிய சம்பவங்களைக் கையாளும் நடைமுறை தொடங்கியது. 2:23க்குத்தான் டிக்கெட்டுகளுக்குக் காரணம் அந்த நிரல்தான் என்று உறுதியானது. திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு சிக்கல் என்பது தெளிவாகி, சம்பவம் மிக உயர்ந்த தீவிர நிலைக்கு உயர்த்தப்பட்டபோது மாலை 6:08.

பேக்கப் இருந்தும் ஏன் நாள்கணக்கு ஆனது

இங்கே பேக்கப் இருந்தது. நன்றாகவே இருந்தது. வெவ்வேறு தரவு மையப் பகுதிகளில் நகல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பகுதி விழுந்தால் இன்னொன்று ஓரிரு நிமிடங்களுக்குள் பொறுப்பேற்கும். மாற்ற முடியாத பேக்கப்புகள் 30 நாள்களுக்குச் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு, விரும்பிய நேரத்தில் தரவு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பவும் முடியும். இவற்றை நிறுவனம் அவ்வப்போது சோதித்தும் வந்தது.

நகல்களால் இந்த விபத்தில் பயனில்லை. நீக்கக் கட்டளை ஒரு நகலில் நிறைவேறினால் மற்ற நகல்களிலும் அப்படியே நிறைவேறும். அதுதானே நகலின் வேலை. பேக்கப்பில் சிக்கல் வேறு. பல வாடிக்கையாளர்களின் தரவு ஒரே தரவுத்தளத்தில் அருகருகே கிடக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை முழுவதுமாகப் பிற்பகல் 1:07க்குத் திருப்பினால், பாதிக்கப்படாத வாடிக்கையாளர்கள் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அழிந்துபோகும். ஆகவே பேக்கப்பைத் தனியாக விரித்து, அதிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் செருக வேண்டும். இதையும் ஒரு தளத்துக்குச் செய்யத் தெரியும். வாடிக்கையாளரே தவறுதலாகத் தன் தரவை நீக்கிவிட்டுக் கேட்கும்போது செய்து கொடுத்திருக்கிறார்கள். 883 தளங்களுக்கு ஒரே நேரத்தில் செய்யும் தானியங்கி வழி அவர்களிடம் இல்லை.

கிளவுட் அமைப்பில் ஒரு தளத்தை நீக்குவது ஏதோ ஓர் அட்டவணையில் ஒரு வரிசை காணாமல் போவதோடு முடிவதில்லை. தளங்களின் பட்டியலை வைத்திருக்கும் மையச் சேவையில் பதிவு நீங்கும். அந்தச் செய்தி பயனர் கணக்கு, உரிமம், கோப்புகள், ஒவ்வொரு மென்பொருளின் தரவுத்தளம் என்று எல்லாச் சேவைகளுக்கும் போகும். ஒவ்வொன்றும் தன் பங்கைத் துடைக்கும். போகும் வழிக்கு ஒன்றரை விநாடி. திரும்பும் வழிக்கு அத்தனை சேவைகளையும் சரியான வரிசையில் மீண்டும் ஒன்றோடொன்று கட்ட வேண்டும்.

முதல் வழியும் இரண்டாம் வழியும்

முதலில் எடுத்த முடிவு பாதுகாப்பானது: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிதாக ஒரு தளத்தை உருவாக்கி, பழைய தரவை அதில் கொண்டுவந்து வைப்பது. நெருக்கடியில் அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். பாதி அழிந்த பழைய தளத்தில் கைவைப்பதைவிட, தெரிந்த வழியில் புதுத் தளம் எழுப்புவதுதான் எந்தப் பொறியாளருக்கும் முதலில் தோன்றும். ஆனால் புதுத் தளத்துக்குப் புது ஐடி. பழைய ஐடியை நம்பியிருந்த எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும்: பயனர்கள், அனுமதிகள், இணைப்புக் கோப்புகள், வெளியார் உருவாக்கிய துணைச் செயலிகள் என எல்லாம். அந்தச் செயலிகளை உருவாக்கியவர்களின் சொந்தத் தரவுத்தளங்களில்கூடப் பழைய ஐடிதான் பதிந்திருந்தது. சுமார் 70 படிகள். ஏறக்குறைய 48 மணி நேரம். ஏப்ரல் 5 முதல் 14 வரை இந்த வழியில் 112 தளங்கள் மீண்டன. அவை பெரிய தளங்கள். பாதிக்கப்பட்ட பயனர்களில் 53 விழுக்காட்டினர் அவற்றில் இருந்தார்கள்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு யோசனையும் வளர்ந்தது. மையச் சேவையில் நீக்கப்பட்ட பதிவையே, அதே பழைய ஐடியோடு, மீண்டும் உயிர்ப்பித்தால் என்ன? ஐடி மாறாவிட்டால் அதை நம்பியிருக்கும் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. 70 படிகள் 30க்கும் சற்று அதிகமான படிகளாகச் சுருங்கின. 48 மணி நேரம் சுமார் 12 மணி நேரமானது. ஏப்ரல் 14 முதல் 17 வரை, நான்கே நாள்களில், மீதமிருந்த 771 தளங்களும் இந்த வழியில் மீண்டன.

தளங்களின் அளவில் வேறுபாடு இருந்தது என்பதைக் கணக்கில் கொண்டாலும், இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. பேக்கப் அதேதான், கைகளும் அவைதான். ஐடியைக் காப்பாற்றியதுதான் முக்கிய வேறுபாடு. இந்த இரண்டாம் வழி ஏப்ரல் 5 அன்றே எழுதப்பட்டு, ஓட்டிப் பார்த்து வைக்கப்பட்டிருந்தால், பல நிறுவனங்களின் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

வாடிக்கையாளர்களைக் கண்டுபிடிக்க முடியாத நிறுவனம்

தளங்களோடு சேர்ந்து இன்னொன்றும் அழிந்திருந்தது: அந்தத் தளங்களின் நிர்வாகிகள் யார், அவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரம். உதவி மையம், உரிமம், கட்டணம் என்று நிறுவனத்தின் முக்கிய அமைப்புகள் எல்லாம் வாடிக்கையாளரைத் தள முகவரியையும் நிர்வாகியின் தொடர்பையும் கொண்டே அடையாளம் கண்டன. அவை போனதும், யாருக்குச் செய்தி சொல்வது என்பதே தெரியாமல் போனது.

மறுபக்கத்தில் நின்றவரை நினைத்துப் பாருங்கள். காலையில் வேலைக்கு வருகிறார். அவர் குழுவின் பணிப் பட்டியல், ஆவணங்கள், பிழைப் பதிவுகள் எதுவும் திறக்கவில்லை. உதவி கேட்டு டிக்கெட் போட முயல்கிறார். படிவம் அவருடைய தளத்தின் முகவரியைக் கேட்கிறது. இருக்கும் முகவரியைக் கொடுக்கிறார். அப்படி ஒரு தளம் இல்லை என்கிறது. தரவு போனதைவிட இந்தக் கதவடைப்புதான் பலரையும் அதிகம் காயப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

பொதுவெளியில் விரிவாகப் பேசுவதிலும் நிறுவனம் தாமதித்தது. முழு விவரம் தெரியட்டும், தீரும் நாளைச் சொல்லும் நிலை வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஏப்ரல் 7 அன்றுதான் ட்விட்டரில் செய்தி வந்தது. தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியின் விளக்கமும் மன்னிப்பும் ஏப்ரல் 12 அன்று வந்தன. தெரிந்ததைத் தெரிந்த அளவில் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

முடிவு

முதல் வாடிக்கையாளர்களுக்குத் தளம் திரும்பக் கிடைத்தது ஏப்ரல் 8 அன்று. ஏப்ரல் 18க்குள் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. சிலருக்கு 14 நாள்கள் வரை சேவை இல்லை. பெரும்பாலானவர்களுக்கு, நீக்கத்துக்கு 5 நிமிடங்கள் முன்புவரை இருந்த தரவு அப்படியே வந்தது. இவ்வளவு பெரிய நீக்கத்துக்குப் பிறகு அது பெரிய சாதனை. இரவு பகல் பாராமல் உழைத்த நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

ஏப்ரல் இறுதியில் வெளியிட்ட அறிக்கையில் நிறுவனம் நான்கு மாற்றங்களை அறிவித்தது. முதலாவது, எல்லா அமைப்புகளிலும் மென்னீக்கம் கட்டாயம்: எந்தத் தளமும் முதலில் மறைக்கப்பட மட்டுமே செய்யும், குறித்த காலம் கழிந்த பிறகே அழியும், மீட்கும் வழி சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். பல தளங்களை ஒரே நேரத்தில் மீட்கும் தானியங்கி வழி, பெரிய சம்பவங்களுக்கான தனி நடைமுறை, தொடர்பு விவரங்களைத் தளத்துக்கு வெளியேயும் சேமிப்பது ஆகியவை மற்றவை. தள முகவரி இல்லாதவரும் உதவி கேட்கும்படி டிக்கெட் அமைப்பும் மாற்றப்படும் என்றார்கள்.

மென்னீக்கம் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சாக்காக வைத்து எதையும் அழிக்காமல் குவித்து வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையும் இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிநபருக்குத் தருகின்றன. ‘நீக்கப்பட்ட நாள்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால், ‘அழிக்க வேண்டிய நாள்’ என்பதையும் சேர்த்தே ஆக வேண்டும்.

எங்கள் குழுவில் மாற்றிக்கொண்டது

இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு எங்கள் நீக்க நிரல்களில் ஒன்றை மாற்றினோம். டைனமோடிபியில் ஒரே கோரிக்கையில் 25 பதிவுகள் வரை மொத்தமாக நீக்கலாம். வேகமான வழி அது. நாங்களும் அதைத்தான் பயன்படுத்தி வந்தோம். ஆனால் மொத்த நீக்கத்தில் நிபந்தனை வைக்க முடியாது. ஒவ்வொன்றாக நீக்கும் கட்டளையில் வைக்கலாம்: இந்தப் பதிவின் வகை ‘செயலி’ என்று இருந்தால் மட்டும் நீக்கு, இல்லாவிட்டால் மறு. சரிபார்ப்பு தரவுத்தளத்துக்குள்ளேயே, நீக்கும் அதே கணத்தில் நடக்கிறது. பட்டியலை யார் கொடுத்தார் என்பது அதற்குப் பொருட்டல்ல.

இப்போது மொத்த நீக்கத்தை விட்டுவிட்டு, நிபந்தனையோடு ஒவ்வொன்றாக நீக்குகிறோம். சில நிமிடங்களில் முடிந்த வேலை மணிக்கணக்கில் ஓடுகிறது, யாரும் அவசரப்படுவதில்லை. பட்டியலோடு, ஒவ்வொரு வகையிலும் எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையையும் கேட்ட குழுவே எழுதித் தர வேண்டும். நிரல் ஓடும் முன் தானே எண்ணி அதோடு ஒப்பிடும். சோதனை ஓட்டத்துக்கான முதல் 30ஐ அதே கோப்பிலிருந்து, குலுக்கி எடுக்கிறோம். அந்தப் பட்டியலில் எங்காவது ஒரு தள ஐடி கலந்திருந்தால், நிபந்தனை பொருந்தாமல் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். அடுத்த வரிக்குப் போகாது. பட்டியலைக் கொடுத்தவரை அழைத்து, இது என்ன ஐடி என்று கேட்க அப்போது நேரம் இருக்கும்.